ஸ்காட்லாந்து பவுண்டு நோட்டு லண்டனில் செல்லுமா?

செல்லும், அதுவும் அதே பவுண்டுதான். ஆனால் கடைக்காரர் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பழக்கமில்லாதவர் தயங்குவார். ஸ்காட்லாந்திலேயே எந்த நோட்டுக்கும், பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் நோட்டு உட்பட, 'சட்டப்படியான செலாவணி' (legal tender) என்ற தகுதி கிடையாது, நம்பிக்கையில்தான் புழங்குகிறது.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். அங்கே நோட்டு அச்சிடும் வங்கிகளில் ஒன்றான பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1695இல் தொடங்கியது. 1826இல் ஐந்து பவுண்டுக்குக் கீழான நோட்டுகளை ஒழிக்க லண்டன் அரசு முனைந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் புனைபெயரில் கடிதங்கள் எழுதி எதிர்த்தார். அரசு பின்வாங்கியது. இன்றும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் முன்பக்கம் அவர் முகம்தான். எனக்கு மிகப் பிடித்தது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு: ஒருபக்கம் எழுத்தாளர் நேன் ஷெப்பர்ட் (Nan Shepherd), மறுபக்கம் இரண்டு கானாங்கெளுத்தி மீன்கள்!

சரி, பாதுகாப்பானதா? கவலை வேண்டாம். கிளைட்ஸ்டேல் உட்பட மூன்று வங்கிகள் அச்சிட்டாலும், நோட்டுகளுக்கு முழு ஈடு வைத்தாக வேண்டும். அதற்காகவே இங்கிலாந்து வங்கியில் தலா பத்துக் கோடி பவுண்டு மதிப்புள்ள, புழக்கத்துக்கு வராத 'டைட்டன்' நோட்டுகள் இருக்கின்றன.

அப்புறம் ஒன்று: பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள், அல்லது அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாடுகளில் பணம் மாற்றுபவர்கள் பலர் இவற்றை வாங்குவதில்லை.