நந்தியாவட்டைச் செடியில் நீலக் கண்களுடன் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு இருக்கிறது. அது என்ன புழு? விஷம் உள்ளதா?

திருப்பூரில் உங்கள் வீட்டு வாசலில் கண்ட புழுவுக்கு முன்புறம் இரண்டு நீலக் கண்களும் பின்புறம் மஞ்சள் கொம்பும் இருப்பதாகச் சொல்லி, குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் அதை அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்க வேண்டாம். அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. கடிக்காது, கொட்டாது, தொட்டால் அரிக்காது. 1758-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர் லின்னேயஸ் விவரித்துப் பதிந்த இனம் இது. இன்றைய அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை.

புழுவை அடையாளம் காண வேண்டுமென்றால் அதன் நிறத்தைக் கேட்பதற்கு முன் அது எந்தச் செடியைத் தின்கிறது என்றுதான் நான் கேட்பேன். ஏனெனில் வளர வளர நிறம் மாறும். தீனி பெரும்பாலும் மாறாது. இந்தப் புழு அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகிய மூன்றிலும் வளரும். கோயில் நந்தவனம் முதல் நெடுஞ்சாலையின் நடுத்திட்டு வரை அரளி நிற்கும் நம் கொங்குப் பகுதியில் இதற்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை.

நீங்கள் கண்கள் என்று நினைப்பவை உண்மையில் கண்கள் அல்ல. தலை மிகச் சிறியது. அதற்குச் சற்றுப் பின்னால், முதுகின் மேல், கருவளையத்துக்குள் நீலமும் வெண்மையும் கலந்த இரண்டு பொட்டுகள் இருக்கும். செடியை லேசாக அசைத்துப் பாருங்கள்: புழு தலையை உள்ளிழுத்து, அந்தப் பகுதியை உப்பச் செய்யும், உடனே பொட்டுகள் அகன்று, பாம்பு ஒன்று முறைப்பது போலத் தெரியும். குருவியை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. பக்கவாட்டில் நீளமாக ஓடும் வெண்கோடும், அதையொட்டித் தூவிய சிறு வெண்புள்ளிகளும், குட்டையாகத் திரண்ட கொம்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில் இதே புழு மஞ்சளாகவும், கொம்பு நீண்டு மெலிந்து கறுப்பாகவும் இருக்கும். முழு வளர்ச்சியில் 7 முதல் 8 சென்டிமீட்டர் வரை நீளும்.

எள்ளுக் காட்டில் காணும் பெரிய கொம்புப் புழுவும் இதன் உறவினம்தான். ஆனால் அதற்குப் பக்கவாட்டில் சாய்வான பட்டைகள் இருக்கும், நீலப் பொட்டுகள் இருக்காது. அரளியிலேயே மேயும் இன்னொரு புழுவுக்கு உடலெங்கும் வளையப் பட்டைகளும், நான்கு இணைக் கரிய உணர்விழைகளும் உண்டு. அது ஒரு வண்ணத்துப்பூச்சியாக மாறும்.

அஞ்ச வேண்டியவை மயிருள்ள புழுக்கள். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும் என்பது மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். உங்கள் புழுவின் உடலோ மழமழவென்று இருக்கும். குழந்தைகளிடம் எச்சரிக்க வேண்டியது அரளிச் செடியைப் பற்றித்தான். அதன் இலை, பூ, விதை, பால் அனைத்தும் நஞ்சு. செடியைத் தொட்டு விளையாடினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

செடி மொட்டையாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். ஓரிரு புழுக்கள் தின்ற இலைகளை நன்கு வளர்ந்த நந்தியாவட்டை மீண்டும் துளிர்த்து ஈடுகட்டிவிடும். இதற்காகப் பூச்சிமருந்து அடிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன், அதுவும் பிள்ளைகள் புழங்கும் வாசலில். தொட்டியில் வைத்த சிறு செடி என்றால் மட்டும், புழு இருக்கும் கிளையோடு நறுக்கி, வேலியோரத்து அரளியில் விட்டுவிடுங்கள்.

இன்னும் சில நாட்களில் புழுவின் முதுகு கருத்துப் பழுப்பேறி, அது செடியை விட்டு இறங்கி அலையத் தொடங்கும். நோய் என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. தரையில் கிடக்கும் சருகுகளுக்கு நடுவில்தான் அது தங்கும் என்பதால், அந்த நாட்களில் செடியடியைக் கூட்டிச் சருகைக் கொளுத்த வேண்டாம். பச்சைப் பட்டில் இளஞ்சிவப்பும் வெண்மையும் இழைத்தது போன்ற அந்த அந்துப்பூச்சியைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்பினால், காற்றோட்டமான பெட்டியில் ஈர மண்ணும் சருகும் பரப்பி, அதில் புழுவை விட்டு, ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். வெளிவந்தவுடன் ஏறித் தொங்க இடம் கிடைக்காவிட்டால் அதன் இறக்கைகள் சரியாக விரியாது.