‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று போர்டு வைக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே நானும் என் வீட்டுக்காரரும் பன்னிரண்டு வருஷமாக இட்லிக் கடை நடத்துகிறோம். தேர்தல் வந்தாலும் வந்தது, ராத்திரி ஏழு மணிக்கு மேல் கடை பெஞ்சில் டெல்லி அரசியல்தான். கேஸ் விலை, பெட்ரோல், ஜிஎஸ்டி, இலவசம் என்று சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. போன வாரம் என் தம்பிக்கும், என் வீட்டுக்காரரின் முப்பது வருஷ சிநேகிதருக்கும் பெரிய சண்டை. அவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தம்பி ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். “நான் கட்டுற வரியிலதான் இவங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா ஓசி” என்றான். அண்ணன், “ஏசியில உக்காந்து வேலை பாக்குறவனுக்கு அரிசி விலை தெரியுமாடா” என்று எகிறினார். சட்டையைப் பிடிக்காத குறை. அன்றிலிருந்து தம்பி வருவதில்லை. அண்ணனும் வேறு கடையில் சாப்பிடுகிறார். மாதம் நாலு சிலிண்டர் ஓடுகிற கடை, இப்போது வியாபாரம் படுத்துவிட்டது. ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று போர்டு வைத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி,

போர்டு வேண்டாம். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற போர்டுக்குக் கீழே நின்றுகொண்டுதானே நம் ஆட்கள் கடன் சொல்கிறார்கள்? இந்தப் போர்டுக்கும் அதே கதிதான். இன்னும் மோசம், அந்தப் போர்டை எந்தக் கட்சிக்காரர் வைக்கச் சொன்னார் என்று புதிதாக ஒரு சண்டை ஆரம்பிக்கும்.

அதோடு, வடசென்னையில் கடைப்பேச்சு என்பது லேசான விஷயம் இல்லை. உங்கள் அண்ணன் வேலை பார்த்த அதே மில் வட்டாரத்தில், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் கடை வைத்திருந்தார்கள். ஆலைத் தொழிலாளிகள் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. பேச்சு வளர்ந்து, அன்னி பெசன்ட் இயக்கத்து பி.பி.வாடியாவும் தமிழறிஞர் திரு.வி.க.வும் சேர்ந்து, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கடையில் அன்றைக்கு யாராவது போர்டு வைத்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். (உங்கள் பெஞ்சிலிருந்து சங்கம் எதுவும் பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. தம்பி திரும்பி வந்தால் போதும்.)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தம்பி சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி கூட இல்லை. கேஸ் விலையைப் பற்றி அந்தப் பெஞ்சில் பேசுகிறவர்களில் மாதம் நாலு சிலிண்டர் வாங்குகிறவர் யார்? நீங்கள் மட்டும்தான். ஆனால் நீங்கள் சட்னி ஊற்றிக்கொண்டு நிற்கிறீர்கள், அவர்கள் உங்களுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறார்கள்.

கேஸையே எடுத்துக்கொள்வோம். ‘விலையைக் குறைத்துவிட்டார்கள்’ என்று ஒருவர் சொல்லியிருப்பார், ‘எங்கே குறைந்தது’ என்று இன்னொருவர் கத்தியிருப்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பேசுவது சிவப்பு சிலிண்டரை, மற்றவர் பேசுவது நீல சிலிண்டரை. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டருக்குத்தான் 2024 மார்ச்சில் நூறு ரூபாய் குறைந்து, சென்னையில் 818 ரூபாய் 50 காசு ஆனது. 2025 ஏப்ரலில் அதே சிலிண்டர் ஐம்பது ரூபாய் ஏறியது. கடைக்கு வாங்கும் 19 கிலோ நீல சிலிண்டர் வேறு கணக்கு. அதன் விலை பெரும்பாலும் மாதா மாதம் ஒன்றாம் தேதி மாறும். சிவப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், நீலத்துக்கு 18. ‘எந்த சிலிண்டரைச் சொல்றீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் கேள்வி அவர்கள் யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் சிலிண்டர் வாங்குவது அவர்கள் இல்லை.

பெட்ரோலும் அப்படித்தான். ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தபோதே பெட்ரோல், டீசலை வெளியே வைத்துவிட்டார்கள். அதில் மத்திய அரசு கலால் வரி வாங்குகிறது, மாநில அரசு மதிப்புக் கூட்டு வரி வாங்குகிறது. ஒரு பக்கத்து ஆள் மத்திய வரியை மட்டும் சொல்லுவார், அடுத்தவர் மாநில வரியை மட்டும் சொல்லுவார். வண்டிக்கு ஊற்றுகிறவர் ரெண்டையும்தான் கட்டுகிறார்.

சரி, அந்த ‘ஓசி’க்கு வருவோம். உங்களை உறுத்துவது வியாபாரம் இல்லை, அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன். தம்பி சொன்ன அந்த மாசம் ஆயிரம், அதாவது பெண்களுக்கான மகளிர் உரிமைத் தொகை, உங்களுக்கும் வருகிறது போலிருக்கிறது. தம்பி பெஞ்சைப் பார்த்துச் சொன்னாலும் அது அடுப்படியில் வந்து விழுந்திருக்கிறது.

நீங்கள் வரி கட்டாத ஆளா? ஒரு கணக்குப் போடலாம். நீல சிலிண்டரின் விலை வரி இல்லாமல் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 18 சதவீதம் 270 ரூபாய். மாதம் நாலு சிலிண்டருக்கு 1,080. உங்களுக்கு வரும் ஆயிரத்தை விட எண்பது ரூபாய் கூட! பெரிய ஓட்டல்காரர்களைப் போல வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி போட்டு வாங்கவும் உங்களால் முடியாது. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே விற்கிற சாப்பாட்டுக் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் பில்லில் வரி போட முடியாது, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

தம்பி கணக்குப் படித்தவர், விடமாட்டார். “அதைத்தான் இட்லி விலையில வெச்சு வாங்கிடுறியேக்கா” என்பார். நியாயமான பேச்சு. அப்படியானால் அந்த 1,080 ரூபாயைக் கட்டுவது பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற எல்லோரும்தானே? லாரி ஓட்டுகிறவர், எம்.சி. ரோடு துணிக்கடைப் பையன், மில் வேலை போன அண்ணன் எல்லோரும் ரெண்டு இட்லிக்குள் வரியையும் சேர்த்து முழுங்குகிறார்கள். சம்பளத்தில் பிடிக்கிற வரிக்கு ஒரு சீட்டு கிடைக்கும், அதைக் காட்டி ‘நான் கட்டுறேன்’ என்று சொல்லலாம். இட்லியில் போகிற வரிக்குச் சீட்டு கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் எனக்குப் பட்டது. 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரைக்கும் வருமான வரி இல்லை என்றார்கள். அதனால் அரசுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் வரை வரவு குறையும் என்று நிதியமைச்சரே பட்ஜெட் உரையில் சொன்னார். அதைச் சலுகை என்றோம். யாரும் ஓசி என்று சொல்லவில்லை.

அந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில், கம்பெனி வேலையாகப் போகிற தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாமாம், கம்பெனி வேலை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கமாக ‘ஓ.சி.’ என்று எழுதினால் போதுமாம். அதிலிருந்து வந்த வார்த்தை என்பார்கள். கதை நிஜமென்றால் முதல் ஓசி துரைமார்களுக்குத்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காகத் தம்பி சொன்னதெல்லாம் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘காசு எங்கிருந்து வருகிறது?’ என்பது கேட்கவேண்டிய கேள்வி. 2025-26 மத்திய பட்ஜெட்டில், வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். செலவாகும் ரூபாயில் 20 காசு வட்டிக்கே போகிறது. இதைப் பார்த்துக் கணக்குப் பிரிவு ஆளுக்கு வயிறு கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தம்பி, அண்ணன் ரெண்டு பேருடைய வழக்கும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வந்ததுதான். இங்கே இலவச டிவி கொடுத்தபோது ஒருவர் வழக்குப் போட, 2013இல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், இலவசங்கள் நியாயமான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்றும் சொல்லி, விதிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் கேட்டது. தம்பிக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு பாதி!

அண்ணனும் சும்மா இல்லை. ‘ஏசியில உக்காந்து’ என்று சொன்னாரே, அது உங்கள் தம்பிக்கு எங்கே குத்தியிருக்கும் தெரியுமா? அந்தத் தெருவிலிருந்து படித்து மேலே போன பிள்ளை. ‘நீ இனி எங்க ஆள் இல்லை’ என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். 1996இல் மில் மூடியதிலிருந்து அண்ணன் சுமக்கிற கோபம் அது. தம்பி மேல் இறங்கிவிட்டது.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற 1967 தேர்தல். அண்ணா ஜெயித்து வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காங்கிரஸ்காரரான சித்தப்பா, கஜானா காலியாகிவிடும் என்று நாள் முழுக்கப் புலம்பினார். ஒருநாள் வார்த்தை முற்றி, ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு அடுப்பு ஆனது. நாலு வருஷம் நேரில் பேசவில்லை. “அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி”, “உன் கொழுந்தன்கிட்ட கேளு” என்று நடுவில் கிடந்து அல்லாடியது என் அம்மா. அந்த அரிசிக் கியூவில் அப்பாவுக்கு நாலு ஆள் தள்ளிச் சித்தப்பாவும் பையோடு நின்றிருப்பார், நானே பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குத்தான் ஒரு படி அரிசி எத்தனை பேருக்கு எத்தனை வேளை வரும் என்று தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அவள்தான்.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது இது. தம்பிக்கு நீங்களே போன் பண்ணுங்கள், வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ‘கடைக்கணக்கு ஒண்ணும் புரியலடா, ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக் கொடு’ என்று கூப்பிடுங்கள். அக்கா கூப்பிட்டால் வராமல் இருக்கமாட்டார். மூன்று மாத பில்லை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். சிலிண்டர், எண்ணெய், உளுந்து, பார்சல் கவர் எல்லாம் இருக்கட்டும். மாதம் எவ்வளவு வரியாகப் போகிறது என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நான் போட்டுக் காட்டிய 1,080ஐ நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவர் பேனாவிலிருந்தே வரட்டும். சின்ன வயதில் மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டவராக இருந்தால், அதையும் தயவுசெய்து குத்திக்காட்டாதீர்கள். பதிலுக்குப் பதில் ஆகிவிடும், பில் பையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

கணக்கு முடிந்ததும், ‘ஓசின்னு சொன்னியே, அன்னிக்கு எனக்கு மனசு கஷ்டமா இருந்திச்சு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். சொல்லாமல் விழுங்கினால் அடுத்த தேர்தலுக்கு அது திரும்பி வரும்.

அண்ணனைக் கூப்பிடுவது உங்கள் வீட்டுக்காரர் வேலை. சண்டை நடந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பார்சல் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். முப்பது வருஷ சிநேகிதம், அவரே நடந்து போய்க் கூப்பிடட்டும். ‘அந்தப் பையனைப் பார்த்து ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுண்ணே’ என்று கேட்கவும் கேட்கட்டும்.

பெஞ்சுக்கு ஒரு நேரம் வையுங்கள். வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் ஆணையமே கட்சிக்காரர்களைப் பிரசாரத்தை நிறுத்தச் சொல்கிறது. உங்கள் கடைக்கு ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் பெஞ்சு. ஒற்றை டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பட்ஜெட் போடுகிறவர்கள் ஒன்பதரைக்கு வரட்டும். இதைப் போர்டில் எழுத வேண்டாம், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் சொன்னால் போதும்.

தம்பி போட்டுத் தந்த தொகை எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கடையில் வடகறி தினமும் உண்டா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா என்பதையும்.