கண்மாய்க் கரையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. கரையெல்லாம் பாட்டில், பிளாஸ்டிக் கப், கோழிக்கடைக் கழிவு. அக்டோபர் 2 அன்று நூலகத்துக்கு வரும் பிள்ளைகளையும் இளைஞர்களையும் கூட்டிச் சுத்தம் செய்தோம். 62 பேர் வந்தார்கள். கையுறை, பேனர், போட்டோ என்று நன்றாகத்தான் நடந்தது. அடுத்த ஞாயிறு 7 பேர். அதற்கடுத்த ஞாயிறு நானும் இன்னொருவரும் மட்டும். காலையில் போலீஸ் வேலைக்காகக் கரையில் ஓடுகிற ஒரு பையனைக் கூப்பிட்டேன். "அது பஞ்சாயத்து வேலைக்கா, நாங்க ஏன் செய்யணும்?" என்று கேட்டுவிட்டான். சான்றிதழ் கொடுத்தால் வருவார்களா? பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கட்டாயமாக்கலாமா? இந்தத் தலைமுறைக்கு ஊர்ப்பொது என்றாலே அக்கறை இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தப் பையனிடம்தான் வந்து நின்றேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. "நாங்க ஏன் செய்யணும்?" என்பதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எனவே "பஞ்சாயத்து வேலை" என்று அவன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. மழைக்கு முன்னால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாருவதும், கரையில் மண் போடுவதும் ஊர்க்காரர்களின் வேலையாக இருந்தது. யாருக்கு எவ்வளவு நிலமோ அந்த அளவுக்கு ஆள் அனுப்பினார்கள். அதுதான் குடிமராமத்து. கண்மாயின் மேல் அதிகாரம் ஊரின் கையிலிருந்து அரசின் கைக்கு நழுவிய காலத்தில் அந்த வழக்கமும் தேய்ந்தது. 1858இல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்க அதில் வழி இருந்தது. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்ட சட்டம் அது. கட்டாயமாக்கலாமா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வேண்டாம், சகோதரி.

பழையதைப் பொற்காலமாகவும் நான் சொல்லவில்லை. குடிமராமத்தில் மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்தத் தண்ணீரில் ஒரு குழி நிலம்கூடப் பாயவில்லை. எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்று சாதி பார்த்து விதித்த ஊர்கள் உண்டு. அதனால் ஒன்று கேட்கிறேன்: அன்று வந்த 62 பேரில் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருந்தார்களா? காலனிப் பிள்ளைகள் வந்தார்களா? வந்திருந்தால், யார் கையில் குப்பைப் பை இருந்தது, யார் பேனர் பிடித்தார்கள்? இதைக் கவனிக்காமல் ஊர்ப்பொது என்ற சொல்லை நாம் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, அக்கறை இல்லாத தலைமுறை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். கோடையில் கண்மாய் வற்றும்போது உங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். யாராவது வீடுவீடாகப் போய்க் கூப்பிடுகிறார்களா? விடியுமுன் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரை நிறைந்துவிடும். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் பாதி, செல்போனிலேயே கிடக்கிறார்கள் என்று நாம் குறைப்படும் பிள்ளைகள். அங்கே அவர்கள் பங்காளிகள், அதனால் வருகிறார்கள். உங்கள் அக்டோபர் 2இல் அவர்கள் கூலி வாங்காத துப்புரவுப் பணியாளர்கள். ஒருநாள் வந்ததே பெரிது.

இது எனக்கும் பட்டுத் தெரிந்ததுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஐம்பது மரக்கன்று நட்டோம். ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தோம். வைகாசியில் போய்ப் பார்த்தால் மூன்று கன்று உயிரோடு நின்றது. பிள்ளைகளில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. சான்றிதழ் கையில் வந்த அன்றே வேலை முடிந்துவிட்டது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள்தான் அப்படி முடித்து வைத்தோம். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே பதில்.

அப்படியானால் பிள்ளைகளைத் திரும்ப வரவைப்பது எது? சென்னைக் கடற்கரையில் 1988 முதல் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. எஸ்.எஸ்.டி.சி.என். என்று அழைக்கப்படும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடக்கிறார்கள். ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் முட்டைகள் இருக்கும். நாயோ மனிதரோ தோண்டுவதற்கு முன் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். பொரிக்க ஏறத்தாழ 45 நாள் ஆகும். ஜனவரியில் தன் கையால் முட்டை சுமந்த கல்லூரி மாணவி, மார்ச்சில் அந்தக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்க வராமல் இருப்பாளா? தான் ஒரு ராத்திரி போகாவிட்டால் ஒரு குழி அழியும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் நடக்க வேண்டியது ஒன்று அங்கே காத்திருக்கிறது என்பதும் தெரியும். உங்கள் கண்மாயிலும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் வேண்டும்: தன்னை நம்பி இருக்கும் ஒரு வேலை, எப்போது நடக்கும் என்று எதிர்பார்க்க ஒரு காரியம்.

நல்ல வேளையாக இது ஐப்பசி. கண்மாய் நிறைகிற காலம். இதைவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

குப்பையை இப்போதைக்கு விடுங்கள். முதல் ஞாயிறு நடக்க மட்டும் கூப்பிடுங்கள். ஊரில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் யாராவது இன்னும் இருப்பார். மரியாதையாக அழைத்து அவரை முன்னால் நடக்கவிடுங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எந்த மடையில் எந்த வயல் பாய்கிறது, கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு தாண்டினால் மறுகால் தண்ணீர் அடுத்த எந்த ஊருக்குப் போகிறது, எந்த வருடம் எந்த இடத்தில் கரை உடைந்தது, அந்த ராத்திரி யார் யார் மண்மூட்டை சுமந்தார்கள் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் போனில் பதிவு செய்யட்டும். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் போய்விட்டால் ஊருக்கு மிஞ்சப்போவது அந்தப் பதிவுதான்.

பிறகு நூலகத்தில் ஒரு நீள நோட்டு போடுங்கள். "கண்மாய் நோட்டு" என்று அட்டையில் எழுதுங்கள். புத்தகமும் நோட்டும் பாதுகாக்கவென்றே இருக்கிற இடம் உங்களுடையது. வேறு யாருக்கும் இந்த வசதி இல்லை. வாராவாரம் ஞாயிறு படித்துறையில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று ஒருவர் எழுதட்டும். மேலேயிருந்து எண்ணினால் போதும், இறங்க வேண்டாம். இன்னொருவர் பறவை எழுதட்டும். முக்குளிப்பான் எத்தனை, தாழைக்கோழி எத்தனை, நத்தைகுத்தி நாரை வந்ததா. பெயர் தெரியாததைப் படம் எடுத்து வைக்கட்டும். மூன்றாமவர், எந்தக் குப்பை எந்த இடத்தில் கிடக்கிறது என்று எழுதட்டும். பொறுக்க வேண்டாம், எழுதினால் போதும். ஒவ்வொரு வரிக்கும் கீழே எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். கலுங்கு எந்தத் தேதியில் தாண்டும் என்று ஆளுக்கொரு தேதி குறித்து வைத்தால், மழை பெய்கிற ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளைகள் கண்மாயை நினைத்துக்கொண்டுதான் படுப்பார்கள்.

ஓடுகிற பையன்களை நீங்கள் வெளியே கூப்பிட வேண்டியதே இல்லை. அவர்கள் தினமும் விடியற்காலை உங்கள் கரையில்தான் இருக்கிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்ற கவலையில் இருப்பவனிடம் குப்பைப் பையை நீட்டினால் அவன் என்ன சொல்வான்? அந்தக் கரையின் ஒவ்வொரு பள்ளமும் அவன் காலுக்குத் தெரியும். எலி வளை எங்கே, மழையில் மண் அரித்த இடம் எங்கே, கண்ணாடிச் சில் எங்கே கிடக்கிறது என்று ஊரில் யாரையும்விட அவனுக்கே தெரியும். அவனிடம் போய், "தம்பி, கரை எங்கெல்லாம் பலவீனமா இருக்குன்னு சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தகவல் ஊரைக் காப்பாற்றக்கூடியது. உங்களிடம் "ஏன்" என்று கேட்டவனே இதைச் செய்வான் என்பது என் நம்பிக்கை. கேள்வி கேட்பவன் அந்தக் காரியத்தை மனதில் போட்டிருக்கிறான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மாலை நேரத்தில் அம்மாக்கள் அனுப்ப மாட்டார்கள், அதுவும் கரையில் பாட்டில் கிடக்கும் ஊரில். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உடன் இருங்கள், நூலகக் கழிப்பறையைத் திறந்து வையுங்கள். பறவை நோட்டை ஒரு பெண்பிள்ளையின் பொறுப்பில் விட்டால் வீட்டில் சொல்லிவிட்டு வர அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு ஞாயிறு வேட்டங்குடிக்கு அழைத்துப் போங்கள். உங்கள் மாவட்டத்திலேயே, திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கிறது. 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று ஒரு குழந்தை இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! அந்த ஊர்ப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளைப் பேசவிடுங்கள், நாம் குறுக்கே பேச வேண்டாம். வேடந்தாங்கலிலும் இப்படித்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த விவசாயிகள், பறவைகளைச் சுடவிடக் கூடாது என்று முறையிட்டு, 1798இல் ஆங்கிலேயக் கலெக்டரிடமிருந்தே உத்தரவு வாங்கினார்கள்.

திரும்பி வந்ததும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வந்துவிடும். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நின்று பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி இபேர்ட் என்ற தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நோட்டில் எழுதிப் பழகிய கைக்கு அது சிரமமே இல்லை.

சில எச்சரிக்கைகள். தண்ணீரில் ஒருவரும் இறங்கக் கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் கண்மாய்க்குள் எங்கே இருக்கின்றன என்று நிறைந்தபிறகு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை அங்கேதான் பறிகொடுக்கிறோம். உடைந்த கண்ணாடியைச் சிறுவர்கள் தொட வேண்டாம். சீமைக் கருவேலத்தை வெட்டுகிறோம் என்று அரிவாளோடு யாராவது கிளம்பினால் நிறுத்துங்கள். அதற்கு அனுமதி வேண்டும், வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைக்கும், இப்போது அதில் கூடும் இருக்கலாம். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள் என்பது என் பெரிய பயம். நாட்டு மரத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமையின் பூ வெளிர்நிறக் கதிர் மாதிரி நீளும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே ஒரு ஞாயிற்றுக்குப் போதும். ஆக்கிரமிப்பு விஷயத்தில் பிள்ளைகளை முன்னால் நிறுத்தாதீர்கள். அது பெரியவர்கள் எழுத்து மூலம் செய்ய வேண்டியது.

ஜனவரி 26 அன்று கிராம சபை. பதினெட்டு முடிந்து வாக்காளர் பட்டியலில் இருக்கும் உங்கள் இளைஞர்கள் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். மூன்று மாத நோட்டோடு போய் உட்காரச் சொல்லுங்கள். கோழிக்கழிவு இந்த இடத்தில், இத்தனை ஞாயிறு, கரை அரிப்பு இத்தனை இடத்தில் என்று அவர்கள் வாசிக்கட்டும். தொட்டி வை, கழிவு கொட்டத் தடை போடு என்று தீர்மானம் கேட்கட்டும். "பஞ்சாயத்து வேலை" என்றவன் பஞ்சாயத்திடமே அந்த வேலையைக் கேட்கும் இடம் அதுதான். அதற்குப் பிறகு ஒரு சுத்தம் செய்யும் நாள் வையுங்கள். ஏழு பேர் வந்தாலும் கவலைப்படாதீர்கள். இப்போதும் ஏழு பேர் இரண்டாம் ஞாயிறு வந்தார்கள் அல்லவா? உங்கள் கடிதத்தில் அவர்களைக் குறையாக எழுதியிருந்தீர்கள். போட்டோ இல்லாத நாளில் வந்த ஏழு பேர் அவர்கள். நோட்டை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

உங்கள் கண்மாயின் கலுங்கு எந்தத் தேதியில் தாண்டியது, யார் குறித்த தேதி பலித்தது என்று எனக்கு எழுதுங்கள்.