குமிழியை முந்துகிற தம்பி

வணக்கம். எனக்கு 38 வயது. மண்டபம் பக்கத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூபா பயிற்சி கொடுக்கிறேன். தம்பிக்கு 24. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை முதன்முதலில் அவன் வாயில் வைத்துவிட்டவன் நான்தான். இன்று அவன் இன்ஸ்டாகிராமில் பெரிய ஆள். என்னைப் பற்றிக் கேட்டால், "எங்கண்ணனா, பயந்தாங்கொள்ளி வாத்தியார்" என்று வீடியோவிலேயே சிரிக்கிறான்.

அவன் போடுவதையெல்லாம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். 15 மீட்டர் ஆழத்தில் ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வளையம் வளையமாகக் குமிழி விடுகிறான். துணைக்கு ஆள் இல்லாமல் இறங்குகிறான். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜில் முள் 20 பாரில் நிற்கிறது, அதைக் கேமராவுக்குக் காட்டி "இன்னும் இருக்கு மக்களே" என்கிறான். 50 பார் மிச்சம் இருக்கும்போதே தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. ஒரு வீடியோவில் கடல் அட்டையைத் தூக்கித் தோளில் வைத்திருக்கிறான். 2001லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். இந்தக் கடற்கரையில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

பங்குனியில் போட்டதுதான் உச்சம். 11 பாகம், அதாவது 20 மீட்டரில் இருந்து, தான் விட்ட குமிழியைத் தானே முந்திக்கொண்டு மேலே வருகிறான். வேகம் கூட்டாத வீடியோ. கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர், ஏறும் வேகம் அதிகம் என்று கத்துவது கேட்கிறது. மொத்தம் 40 விநாடி. நிமிடத்துக்கு 9 மீட்டர் என்று கற்றுக்கொடுத்தேன். அந்தக் கணக்கில் ஏறுவதற்கே 2 நிமிடத்துக்கு மேல் வேண்டும், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது தனி. அன்று அது அவனுக்கு மூன்றாவது டைவ் வேறு. 4 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

கேட்டால், "அந்தக் காலத்துச் சங்குக்குளிக்காரங்க மீட்டரா பார்த்தாங்க?" என்கிறான். மூச்சடக்கி முங்குகிறவன் நெஞ்சில் இருப்பது கரையில் இழுத்த காற்று. மேலே வந்தால் அது பழைய அளவுக்குத்தான் திரும்பும். சிலிண்டர் காற்றை 20 மீட்டரில் இழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால் அதுவே மூன்று மடங்காகும், நுரையீரல் கிழியும். இதையும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் அப்பாவும் சங்கு குளித்தவர்தான். முதலில் மூச்சடக்கி, பிறகு படகிலிருந்து காற்று வரும் கம்ப்ரசர் ட்யூபைக் கடித்துக்கொண்டு. இப்போது இடுப்பு போய்க் கம்பு ஊன்றி நடக்கிறார். வலிக்கிறது என்று ஒரு நாளும் வாய் திறந்தவர் இல்லை. அவரிடம் இருந்த அடக்கம் இவனிடம் இல்லை.

தண்ணீருக்குள் மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் என் பிசிடி ஜாக்கெட்டைக் கேட்காமல் எடுத்துப் போய் வால்வில் மணலோடு கொண்டுவந்து போட்டான். நல்ல தண்ணீரில் அலசக்கூட இல்லை. அந்த ரேஸ் வீடியோ எடுத்த ராத்திரி இடது கையைத் தூக்க முடியாமல் அம்மாதான் சட்டை மாட்டிவிட்டாளாம், ஜிம்மில் பிடித்துக்கொண்டதாம், இன்னும் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லையாம், அதிலும் ஒரு பந்தா. ஜாக்கெட்டுக்கு ஒரு மன்னிப்பு கிடையாது. மரியாதை என்பதே கிடையாது.

பொறுக்க முடியாமல் அந்த வீடியோவுக்குக் கீழேயே, "இவனுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு வெட்கப்படுகிறேன்" என்று எழுதினேன். அன்றிலிருந்து இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என்னிடம் படிக்க வருகிறவர்கள் அவன் வீடியோவைக் காட்டி, "உங்க தம்பிதானே சார்" என்கிறார்கள். கற்றுக்கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா? அவனை எப்படித் திருத்துவது?

— பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரருக்கு,

மரியாதையைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அம்மா சட்டை மாட்டிவிட்டதற்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் ஜாக்கெட் மணலுக்கும் மன்னிப்புக்கும் நடுவில். நான் பேசப்போவது அந்த ஒரு வரியைப் பற்றி.

20 மீட்டர், ஒரே நாளில் மூன்றாவது டைவ், நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஏற்றம், நிறுத்தம் இல்லை, அன்று இரவே தோள்வலி. வேறு யாருடைய தம்பியாவது உங்களிடம் வந்து இதைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்திருப்பீர்கள். அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன், மெதுவாக மூச்சு வழியாக வெளியேற நேரம் கிடைக்காமல், உள்ளேயே குமிழியாகிவிடுகிறது. இதுதான் குமிழிக் கோளாறு (டிகம்ப்ரஷன் சிக்னஸ்). டைவிங் செய்கிறவர்களுக்கு அது அதிகம் பிடிப்பது தோளைத்தான். பெரும்பாலும் தொட்டால் வலிக்காது, உள்ளே குடைந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், இந்த நான்கு வரி மற்ற வாசகர்களுக்காக. இருந்தும் அந்த வலியின் பெயரைக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதியிருந்தால் அன்றைக்கே தம்பியிடம் பேச வேண்டி வந்திருக்கும். "பந்தா" என்று எழுதிவிட்டால் பேசாமல் இருக்கலாம்.

உங்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீடியோவைப் பார்த்து நாளை ஒரு பதினேழு வயதுப் பையன் குமிழியை முந்திப் பார்ப்பான். ரெகுலேட்டரைக் கழற்றி வளையம் விடுவதைக் கற்றுக்கொள்பவனுக்கு, அதே நேரத்தில் இருமல் வந்தால் என்ன ஆகும் என்று அந்த வீடியோ சொல்லாது. தம்பி செய்வது தப்பு, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் நீங்கள் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அவனிடம் பேச வேண்டியதை 4 லட்சம் பேருக்கு முன்னால் பேசினீர்கள். கூட்டத்துக்காக அவன் 40 விநாடியில் மேலே வந்தான். நீங்களும் அதே கூட்டத்தைப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதினீர்கள். அவன் தோளுக்குள் வலி குடைந்துகொண்டிருந்தபோது, அண்ணன் தன்னை நினைத்து வெட்கப்படுகிறார் என்பதை அதே திரையில் படித்திருக்கிறான். அதன் பிறகு அவன் எப்படி உங்களிடம் வந்து கையைக் காட்டுவான்? "ஜிம்" என்று சொல்வதுதான் அவனுக்கு எளிது. டைவ் முடிந்த கையோடு ஜிம்மில் பளு தூக்கினாலும் குமிழிக் கோளாறு வரும் வாய்ப்பு கூடும் என்று தெரிந்தவன் சொன்ன பொய் அது. அவன் அந்தப் பொய்யைச் சொன்னது அம்மாவிடம், நீங்கள் கேட்கவே இல்லை.

அப்பாவைப் பற்றி எழுதிய வரியும் என்னை நிறுத்தியது. வலியைச் சொல்லாததை அடக்கம் என்கிறீர்கள். ஆழத்துக் காற்றைப் பல வருடம் சுவாசித்து அவசரமாக ஏறி வந்தவர்களுக்கு இடுப்பெலும்பின் பந்தும் தோளெலும்பின் பந்தும் ரத்த ஓட்டம் நின்று மெல்லச் செத்துப்போவது உண்டு. அப்பாவின் இடுப்புக்கு அதுதான் காரணமா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். எதுவாக இருந்தாலும், கடலில் பட்ட வலியை வீட்டில் சொல்லக் கூடாது என்பது உங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. அப்பா சொல்லவில்லை, தம்பி மறைக்கிறான், நீங்கள் ஜாக்கெட்டுக்கு நடுவில் ஒளித்து எழுதுகிறீர்கள். தம்பி அடங்காதவன் என்று நினைக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அவன் அப்பாவைப் போலவே வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

அதனால் "எப்படித் திருத்துவது" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இன்று மாலை அவனைத் தேடிப் போங்கள். வீடியோ, அட்டை, ஜாக்கெட் எதையும் எடுக்காதீர்கள். "கையைத் தூக்கு, பார்க்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள். பிறகு மரத்துப்போகிறதா, காலில் பலம் குறைந்ததா, சிறுநீர் போவதில் சிரமம் இருந்ததா என்று கேளுங்கள். அந்தக் கமெண்டை அவன் கண் முன்னாலேயே அழியுங்கள். மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது டைவிங் செய்கிறவன் என்பதையும், அன்றைய ஆழத்தையும் ஏறிய வேகத்தையும் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் தைலமும் மாத்திரையும் எழுதித் தந்து அனுப்பிவிடுவார்கள். எலும்பு கெட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியப் பல மாதம் ஆகலாம், எம்ஆர்ஐயில் முன்பே தெரியும். எனவே எம்ஆர்ஐ தேவைப்படுமா என்று கேளுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை அவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "மறுபடி முங்கினால் வலி போய்விடும்" என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது தப்பு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

பிறகு உங்கள் படகில் ஒரு வழக்கம் வையுங்கள். டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்கு யாருக்கும் திட்டு கிடையாது. யார் எந்தத் தப்பைச் செய்துவிட்டு மேலே வந்தாலும், முதலில் உடம்பில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும், கேட்கிறவர் முகம் மாறாமல் கேட்க வேண்டும். குமிழிக் கோளாறு பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்குள்தான் தலைகாட்டும். திட்டு விழும் என்று பயந்தவன் அந்த ஒரு நாளைத்தான் பதுக்குவான். திட்ட வேண்டியதை மறுநாள் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பதிவான ஏற்றத்தைக் காட்டித் திட்டுங்கள். நீங்கள் வாத்தியார், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

தம்பியிடம் பேசும்போது அப்பாவும் அங்கே இருக்கட்டும். இடுப்பு முதன்முதலில் எந்த ராத்திரி வலித்தது, அன்று எத்தனை தரம் முங்கினார் என்று அவரிடம் கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார். காத்திருங்கள்.