கையெழுத்து வாங்கினால் சம்மதம் ஆகிவிடுமா? சுகாதாரப் பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் அரச வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதியாக இருக்கிறேன். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்காக, தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாயிடம் சிங்களப் படிவத்தில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். அவருடைய 15 வயது மகள் மொழிபெயர்த்தாள். இது போதுமா?

போதாது. படிவம் என்பது சம்மதத்துக்கான சான்று மட்டுமே. என்ன நோய், எந்த உறுப்பை அகற்றப் போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, செய்யாமல் விட்டால் என்ன நேரும், வேறு வழி உண்டா என்பவற்றைத் தமக்கு விளங்கும் மொழியில் கேட்டு, ஐயங்களைத் திருப்பிக் கேட்டுத் தெளிந்த பின்னர் நோயாளி இணங்குவதே சம்மதம். அதை விளக்கும் பொறுப்பு சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருடையது. அருகில் நிற்கும் தாதி சாட்சி. ஆகவே, "டொக்டர், அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை" என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உங்கள் கடமை. சொன்னதை நேரத்துடன் நோயாளியின் குறிப்பிலும் எழுதுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தாயின் கருப்பையை அகற்றப் போகிறார்கள் என்பதை 15 வயதுச் சிறுமி எந்தச் சொல்லால் சொல்வாள்? பயத்தில் பாதியை விழுங்கிவிடுவாள். நாளை ஏதும் நடந்தால் அந்தப் பாரத்தையும் அவளே சுமப்பாள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. எனவே தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கோருவதாகாது. பக்கத்து வார்ட்டிலாவது தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவரைத் தேடுங்கள். நோயாளி நினைவிழந்து, உயிர் ஆபத்தில் இருக்கும்போது மட்டும், கையெழுத்துக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

நோயாளியின் மாமி என்று சொல்லித் தொலைபேசியில் ஒருவர் பரிசோதனை முடிவைக் கேட்கிறார். சொல்லலாமா?

நோயாளியின் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. அழைப்பவர் உண்மையிலேயே மாமியாக இருந்தாலும் அப்படித்தான். நம்முடைய குடும்பங்களில் இதை ஏற்றுக்கொள்வது கடினம் என்பதை அறிந்தே சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக, அதாவது கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவலாக, வகுத்திருக்கிறது. ஆலோசனை கேட்பதற்காக எக்ஸ்ரே படத்தைப் பெயர் தெரியும்படி வட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே தவறுதான்.

ஊசி மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "எழுத வேண்டாம்" என்கிறார் மூத்தவர். என்ன செய்வது?

உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். பாதிப்பு பல மணிநேரம் கழித்தும் தெரியலாம் என்பதால், நோயாளியைக் கண்காணிப்பதே முதல் வேலை. பின்னர் கொடுத்த அளவையும் நேரத்தையும் உள்ளபடி எழுதுங்கள். பழைய குறிப்பைத் திருத்த நேர்ந்தால், கீழே உள்ளது வாசிக்கக்கூடியவாறு ஒற்றைக் கோடு போட்டு, திகதியும் கையொப்பமும் இடுங்கள். தவறுக்கு விளக்கம் கொடுக்கலாம். அழித்து எழுதப்பட்ட பக்கத்துக்கு நீதிமன்றத்தில் விளக்கம் கொடுப்பது மிகக் கடினம். நோயாளிக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

குணமடைந்த நோயாளி சேலை ஒன்று தந்தார். வாங்கலாமா?

அரச ஊழியர் என்றால் அன்புடன் மறுத்துவிடுங்கள். வார்ட்டில் எல்லோரும் பகிர்ந்து உண்ணும் இனிப்பு வேறு. ஆனால் சேலையைக் காணும் அடுத்த கட்டில் நோயாளி, தானும் ஏதாவது கொடுக்க வேண்டுமோ என்று எண்ணுவார்.

நோயாளி இறந்தால், உறவினர் வழக்குப் போட்டு வென்றுவிடுவார்களா?

மரணம் மட்டும் பொறுப்பை உண்டாக்காது. இலங்கையில் நட்டஈட்டு வழக்குகள், ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் தீர்மானிக்கப்படுகின்றன: கவனயீனம் இருந்ததையும், அந்தக் கவனயீனமே பாதிப்புக்குக் காரணம் என்பதையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். மகளை இழந்த தந்தையொருவர் குழந்தைநல வைத்தியர் மீது தொடுத்த வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் கவனயீனம் மரணத்துக்குக் காரணமானது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பு பெற்றோர் தரப்புக்கு மிகக் கடுமையானது என்றே கருதுகிறேன்.

இத்தகைய வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வைத்தியரின் தொழில்சார் நடத்தை குறித்த முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்குப் போகலாம். அங்கு கேள்விக்குள்ளாவது வைத்தியராகத் தொழில் செய்வதற்கான அவருடைய பதிவு. அளவுக்கு மீறிய அசட்டையால் மரணம் நேர்ந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும் பாயலாம். உறவினர் கேள்வி கேட்டு வரும்போது கதவைச் சாத்தாமல், பொறுப்பான வைத்தியரே அவர்களை உட்காரவைத்து நடந்ததைத் தமிழில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.