புழுக்கைக் குவியலும் லாட வௌவாலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கிக் குடிவந்துவிட்டோம். பாதியைக் காட்டுயிர்களுக்கே விட்டுவிட எண்ணம். இரண்டு பசு இருக்கிறது, மகள் அல்பாக்கா (கம்பளிக்காக வளர்க்கும், ஒட்டக இனத்துப் பிராணி) கேட்கிறாள். முதலில் ஒன்றை மட்டும் வாங்கிப் பழகலாமா? அதில் ஹுவாகாயா, சூரி என்று இரண்டு வகை இருக்கிறதாம், எது நல்லது? எல்லாவற்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

க.

அன்புள்ள க,

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆயிரக்கணக்கான வருடம் மந்தையாகவே வாழ்ந்த பிராணி அது, தனியாக விட்டால் ஏங்கிப்போகும். குறைந்தது மூன்று வாங்குங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள். ஹுவாகாயா வகையா, சூரி வகையா என்பதை மகளையே கேளுங்கள்.

உங்கள் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் உங்கள் டெவனிலேயே நண்பர் ஒருவரின் பண்ணையில் பத்து நாள் இருந்தேன். அல்பாக்காக்கள் கண்ட இடத்தில் போடாது, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துதான் போடும், பார்த்தால் ஆட்டுப்புழுக்கை மாதிரியே இருக்கும், அள்ளுவது என் வேலை. ஒருநாள் பக்கத்தில் கிடந்த மாட்டுச்சாணியை நண்பர் குச்சியால் புரட்டிக் காட்டினார். மேலே காய்ந்த பொருக்கு, உள்ளே ஈரம், நெல்மணி அளவில் கறுப்பு வண்டுகள் வெளிச்சம் பட்டதும் குடுகுடுவென்று உள்ளே ஓடின. அன்று மாலை கொட்டகை உத்தரத்திலிருந்து லாட வௌவால்கள் (மூக்கு குதிரை லாடம் மாதிரி இருக்கும்) கிளம்பி அந்த மேய்ச்சல் நிலத்தின்மேல் தாழப் பறந்தன. அதில் பெரிய லாட வௌவால் என்கிற இனத்துக்கு பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று டெவன். அதன் குட்டிகள் பறக்கப் பழகும் காலத்தில் தூரம் போகாது, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் கிடைக்கிற சாணி வண்டுதான் முக்கிய ஆகாரம். ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து மாட்டின் வயிற்றோடு நிற்பதில்லை, சாணியோடு வெளியே வந்து அந்த வண்டின் புழுக்களைக் கொல்லும்.

பாதி நிலத்தைக் காட்டுக்கு விட்டுவிட்டு மீதிப் பாதியில் இதைச் செய்யலாமா? காலண்டரைப் பார்த்தா மருந்து கொடுப்பது? என் பாட்டி வெள்ளாட்டுக்கு வேப்பிலை கொடுப்பதற்குக்கூட முதலில் புழுக்கையை விரலால் நசுக்கிப் பார்ப்பாள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். புழுக்கையைக் கொஞ்சம் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் புழு முட்டையை எண்ணச் சொல்லுங்கள். தேவைப்படுகிற பிராணிக்கு மட்டும் மருந்து, அப்புறம் அவர் சொல்கிற நாள்வரை அதைக் கொட்டகையிலேயே வைத்திருங்கள். அல்பாக்கா எல்லாம் ஒரே குவியலில் போடுவதால் எது யாருடையது என்று தெரிய யாராவது காலையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த வேலையை மகளிடம் கொடுங்கள்.