கூரையில் கை வைக்க விடாதீர்கள்: பழைய கோயில் மண்டபமும் ஆறு பேர் குழுவும்

கேள்வி: எங்கள் ஊர் டர்பனுக்குத் தெற்கே உள்ள ஒரு புறநகர். கோயிலை ஒட்டி மரமும் தகரமுமாக ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. 1954இல் கட்டியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பின்பக்கம் 1987இல் செங்கல் சமையற்கட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் இரண்டையும் இடித்துப் புது ஹால் கட்ட வேண்டும் என்று கோயில் கமிட்டி பேசுகிறது. மண்டபத்தைக் காப்பாற்ற நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு தொண்டர் குழு தொடங்கியிருக்கிறோம். எங்களுக்கு ஏதாவது அதிகாரம் உண்டா? பெர்மிட் வாங்கித் தருவதாக வந்த ஒருவர், "முதலில் கூரையைக் கழற்றுங்கள், மற்றது தானாக நடக்கும்" என்கிறார். இது சரியா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். சரியில்லை. அந்த ஆளைக் கோயில் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள்.

டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 60 வயதைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் இடிக்கவோ, மாற்றவோ, கூட்டிக் கட்டவோ எழுத்தில் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருவது மாகாண மரபு நிறுவனமான அமாஃபா. முன்னோர் விட்டுச் சென்ற சொத்து என்பதுதான் அந்த சூலுச் சொல்லுக்கு அர்த்தம். கூரையைக் கழற்றுவதும் மாற்றம்தான். அந்த ஆளின் கணக்கு வேறு. கூரை போனால் இரண்டு மழைக்காலத்தில் பலகை உளுத்துவிடும். அப்புறம் "ஆபத்தான கட்டடம், குழந்தைகள் விளையாடுகிறார்கள்" என்று ஒரு கடிதம் எழுதி, இடிக்க அனுமதி கேட்பார். இந்த வித்தையை டர்பன் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஓர் ஊரில் நான் போய்ப் பார்த்தபோது மேலே தார்ப்பாய்கூட இல்லை. தேக்குக் கதவு இருந்த இடத்தில் நிலைக்காலின் ஆணித் துளைகள் மட்டும்தான் மிச்சம். பர்மா தேக்குக் கதவுக்கும் பழைய இரும்புப் பூவேலைக்கும் நல்ல விலை கிடைப்பதால், பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களில் சிலருக்குக் கண் முழுவதும் கதவின் மேல்தான். விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையே இல்லை. சொத்துக்கு உரியவர் கையெழுத்து, நாலு பக்கமும் எடுத்த படங்கள், வரைபடம், என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்ற விளக்கம், இவைதான் வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று அலுவலகத்திடமே கேட்டு அவர்கள் கணக்கிலேயே கட்டுங்கள். தனி ஆள் கையில் ஒரு ரேண்ட்கூடத் தராதீர்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. "முனிசிபாலிட்டியில் பிளான் பாஸ் ஆகிவிட்டது" என்று ஒரு முத்திரையைக் காட்டுவார்கள். அது 1977ஆம் ஆண்டின் கட்டட விதிச் சட்டப்படி தருவது. சுவர் நிற்குமா, சாக்கடை எங்கே போகும் என்பதைப் பார்க்கிற அனுமதி அது. மரபு அனுமதி தனி. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் குழுவுக்கு வருகிறேன். நேராகச் சொன்னால், உங்களுக்கு அனுமதி தரும் அதிகாரமும் இல்லை, மறுக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் தகவல் பெறவும், பேசவும், முன்மொழியவும் வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, 'பாதுகாப்பு அமைப்பு' என்று பதிவு செய்துகொள்ள இடம் தருகிறது. இந்தப் பகுதி எங்கள் அக்கறை என்றோ, இந்த வகைக் கட்டடம் எங்கள் அக்கறை என்றோ பதிவு செய்யலாம். உங்கள் மாகாணத்தில் எப்படிப் பதிவது என்று அமாஃபாவிடம் எழுதிக் கேளுங்கள். பதிவு செய்தால் உங்கள் பகுதியில் வரும் விண்ணப்பங்கள் பற்றி உங்கள் கருத்தைக் கேட்பார்கள். ஓர் இடத்தை மரபுச் சின்னமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆறு பேர் தாராளமாகப் போதும்.

கேட்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பார்க்கிறோம் அம்மா" என்பார்கள், அதோடு சரி. நான் ஒரு கோப்புக்கு ஏழு மாதம் அலைந்தேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டியது, அது திரும்ப முதல் அலுவலகத்தையே காட்டியது. அதற்குள் பலகைச் சுவரில் கரையான் ஏறிவிட்டது. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையில் ஏணி பிடித்து நிற்கிற உங்களைப் போன்றவர்களை இப்படி அலைக்கழிப்பது எனக்கு இன்றும் தாங்கவில்லை. முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் மேல்முறையீடு உண்டு. ஆனால் கெடு குறுகியது. கடிதம் வந்த நாளை அன்றைக்கே குறித்துவையுங்கள்.

அந்தச் சமையற்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் அது. 1987இல் கட்டியது, 60 ஆகவில்லை, ஆகவே இடிக்கலாம் என்று கமிட்டி சொல்லும். தனியாக நின்றிருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. உங்களுடையது ஒட்டிக் கட்டியது. செங்கல் சுவரின் விட்டம் பழைய மண்டபத்தின் மரத்தூணில் ஏறியிருக்கிறதா, தகரக் கூரை இரண்டுக்கும் ஒரே சரிவாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சமையற்கட்டைப் பிரித்தால் தூண் அசையும், கூரை திறக்கும். அது பழைய கட்டடத்தை மாற்றுவதாகிவிடும், அனுமதி வேண்டும். அதேபோல் இந்த 60 என்பது நின்ற இடத்தில் நிற்கும் எண் அல்ல, வருடா வருடம் நகரும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் 1960களில் கவுன்சில் கட்டிக் கொடுத்த வீடுகளே இப்போது ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. நேற்றுக் கட்டியது போல் நமக்குத் தோன்றும், சட்டத்துக்கு அப்படியில்லை. 1987 சமையற்கட்டுக்கும் 2047இல் வயது 60 ஆகும்.

கமிட்டியோடு சண்டை வேண்டாம். அவர்கள் விரும்புவது நல்ல ஹால், அது தப்பில்லை. பழைய மண்டபத்தை முன்னால் நிறுத்தி, புது ஹாலைப் பின்னால் கட்டும் வரைபடம் ஒன்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். டர்பனில் உள்ள உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தை உதாரணம் காட்டுங்கள். 1875இல் ஆற்றங்கரையில் தொடங்கியது, 1905 வெள்ளத்தில் போனது, இப்போதைய இடத்தில் 1947இல் எழும்பியது. பழைய கோயிலின் செதுக்கிய கதவுகளை மீட்டு வைத்திருக்கிறார்கள். 1980இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று அங்கே தீமிதி நடக்கிறது. சின்னமானதால் பூசை நின்றுவிடும் என்று பயப்படுகிற பெரியவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

பெயிண்ட் அடிப்பதையும் பூச்சு பூசுவதையும்கூடத் தேசியச் சட்டம் மாற்றம் என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. கோயிலில் பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால், கும்பாபிஷேகத்துக்கு என்று அதில் சிமெண்ட் பூசச் சொல்லும் கான்ட்ராக்டரையும் நிறுத்துங்கள். சிமெண்டுக்குள் ஈரம் சிக்கிக்கொண்டு, உப்புப் பூத்து, உள்ளிருக்கும் செங்கல் பொடியாக உதிரும்.

வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். பெரியவர்களின் வாய்ச்சொல்லோடு காகிதமும் வேண்டும். 1930கள் முதல் எடுத்த வான்படங்கள் கேப் டவுன் மௌப்ரேயில் உள்ள அரசு நிலப்பட அலுவலகத்தில் இருக்கின்றன. உங்கள் தெருவைத் தேடிக் கேளுங்கள், 1954க்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் கிடைத்தால் போதும். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து, தகரத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய தகரத்தில் தயாரித்த கம்பெனியின் முத்திரை மங்கலாக இருக்கும். அதை ஓர் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு, விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.